இருளில் யானையைக் காண்பது எப்படி? வாளையாறு முதல் மூணாறு வரை, இரவுக் கேமராக்களின் 'இரைச்சலும்' அதைக் குறைக்கும் வழிகளும்

பாலக்காடு: தமிழகத்தையும் கேரளத்தையும் இணைக்கும் வாளையாறு ரயில் பாதையில், இரவில் தண்டவாளத்தை நெருங்கும் யானையை ரயில் வந்து சேர்வதற்குள் கண்டறிந்தாக வேண்டும். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில், விடியும் முன் வேலைக்குப் புறப்படும் தொழிலாளர்களின் வழியில் யானை நிற்கிறதா என்பதை முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். பரம்பிக்குளத்திலும் பெரியாறிலும், நள்ளிரவில் நடந்து செல்லும் புலியின் வரிகளைத் தெளிவாகப் படம் பிடித்தாக வேண்டும்.

இம்மூன்று பணிகளுக்கும் இன்று கேமராக்களே துணை நிற்கின்றன. ஆனால் ஒளி குறையக் குறைய, கேமராவின் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போன்ற ஒரு கலக்கம் தோன்றுகிறது. அறிவியலாளர்கள் இதனை 'இரைச்சல்' என்கின்றனர். காதில் விழும் ஓசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. உண்மையான காட்சியோடு கலந்துவிடும் தேவையற்ற மின்னணு ஏற்ற இறக்கங்களுக்கே இப்பெயர். இந்த இரைச்சலைக் குறைக்க முடிந்தால் யானை தெரியும். முடியாவிட்டால் யானை அதற்குள் மறைந்துவிடும். அல்லது, இல்லாத யானைக்காக எச்சரிக்கை மணி ஒலிக்கும்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்குக் குறைக்கலாம், எந்த எல்லைக்கு அப்பால் குறைக்க முடியாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாளையாற்றில் நிகழ்ந்தது என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக அமைந்த இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். தமிழகத்திலிருந்து கேரளம் செல்லும் முக்கிய ரயில் பாதை இதன் வழியாகவே செல்கிறது. கோவை மாவட்டத்தின் மதுக்கரை, எட்டிமடை முதல் கேரளத்தின் வாளையாறு, கஞ்சிக்கோடு, கொட்டேக்காடு வரையிலான பகுதி யானைகளின் வழித்தடத்தை ஒட்டியது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையைத் தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிச் செல்கின்றன.

2021 நவம்பர் 26 அன்று இரவு, நவக்கரை அருகே மங்களூரு - சென்னை விரைவு ரயில் மோதி 3 யானைகள் உயிரிழந்தன. நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்திய இந்த நிகழ்வுக்குப் பின், ரயில்களின் வேகத்துக்குக் கட்டுப்பாடு, வனப் பணியாளர்களின் இரவு ரோந்து, யானைகள் கடந்து செல்ல இரு சுரங்கப் பாதைகள் எனப் பல நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன.

அவற்றின் தொடர்ச்சியாக, 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை மதுக்கரை வனச்சரகத்தில் செயற்கை நுண்ணறிவு முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. சுமார் 7 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்கள் நிறுவப்பட்டு, அவற்றில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களுமாக மொத்தம் 24 கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. யானை தண்டவாளத்தை நெருங்கும் தொலைவைப் பொறுத்து எச்சரிக்கையின் நிறம் மாறும். தகவல் கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து ரயில்வே அதிகாரிகளுக்கும் களப் பணியாளர்களுக்கும் செல்லும்.

எல்லையின் மறுபுறம், பாலக்காடு மாவட்டத்திலும் சிக்கல் தீரவில்லை. 2024 மே மாதம் கொட்டேக்காடு அருகே ஒரு பெண் யானை ரயில் மோதி உயிரிழந்தது. கேமரா எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு முன்பே அது எச்சரிக்கிறது என்பவை உயிர்களைத் தீர்மானிக்கும் கேள்விகளாகிவிட்டன.

ஒளி என்பது துளித் துளியாக வருவது

கேமராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சிறிய சிலிக்கான் தகடே ஒளி உணரி. அது இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒளியின் மிகச் சிறிய அலகான ஃபோட்டான் சிலிக்கானில் விழும்போது ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணினால், அந்த இடம் எவ்வளவு பிரகாசமானது என்பது தெரிந்துவிடும்.

முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து மழைநீரைச் சேகரிப்பதாகக் கொள்வோம். கனமழையில் எல்லாக் கிண்ணங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் சேரும். ஆனால் சிறு தூறலின்போது ஒரு கிண்ணத்தில் 5 துளிகள் விழும். பக்கத்துக் கிண்ணத்தில் 12 துளிகள் விழும். வானம் பாகுபாடு காட்டவில்லை. துளிகள் தற்செயலாக விழுகின்றன, அவ்வளவே.

ஒளியும் அவ்வாறே. நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். முழுநிலவு இரவில் அது 0.1 முதல் 0.3 லக்ஸ் அளவுக்குக் குறைகிறது. நிலவற்ற இரவில், விண்மீன்களின் ஒளியில் அது 0.001 லக்ஸ் அளவே. அதாவது பகலில் கொட்டும் மழையாக இருந்த ஒளி, இரவில் எண்ணக்கூடிய துளிகளாகிவிடுகிறது.

இந்தத் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணித விதி உண்டு. ஒரு பிக்சலில் சராசரியாக விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவே அதன் ஏற்ற இறக்கம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது 1 சதவீதம். கண்ணுக்கு அது தெரியாது. 100 ஃபோட்டான்கள் என்றால் 10. அதாவது 10 சதவீதம். வெறும் 9 ஃபோட்டான்கள் என்றால் 3. அதாவது மூன்றில் ஒரு பங்கு. சாம்பல் நிற யானைக்கும் அதன் பின்னாலுள்ள புதருக்கும் பிரகாசத்தில் 20 சதவீதமே வேறுபாடு இருக்குமானால், இந்த நிலையில் இரண்டையும் ஒரு பிக்சலைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

இதனை 'ஒளித்துகள் இரைச்சல்' எனலாம். இது கருவியின் குறையால் வருவதன்று. ஒளியின் இயல்பிலேயே உள்ளது. எத்தனை கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய கேமராவாலும் இதனை ஒழிக்க முடியாது. அதிக ஒளியைச் சேர்ப்பதே இதற்கான ஒரே மருந்து.

கருவி சேர்க்கும் இரைச்சல்கள்

ஒளியின் இயல்பு ஒருபுறம் இருக்க, கருவியும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, வாசிப்பு இரைச்சல். பிக்சலில் சேர்ந்த எலக்ட்ரான்களை மின்னழுத்தமாக மாற்றி, பெருக்கி, எண்ணாக மாற்றும்போது ஏற்படும் பிழை இது. ஒரு பிக்சலில் 9 எலக்ட்ரான்கள் மட்டுமே சேர்ந்திருக்கும் நிலையில், வாசிக்கும் சுற்று 3 எலக்ட்ரான்கள் அளவுக்குத் தடுமாறினால், காட்சிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 3 என்பதிலிருந்து ஏறத்தாழ 2.1 ஆகக் குறைந்துவிடும். தடுமாற்றம் 1 எலக்ட்ரானாக இருந்தால் அந்த விகிதம் 2.8 என்ற அளவில் நிற்கும். பகலில் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்த வேறுபாடு, இரவில் படத்தின் தரத்தையே நிர்ணயிக்கிறது.

இரண்டாவது, இருள் மின்னோட்டம். ஒளியே விழாத நிலையிலும், வெப்பத்தின் காரணமாகச் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் தாமாகவே விடுபடுகின்றன. பிக்சலுக்கு அவை ஒளியால் வந்தவையா, வெப்பத்தால் வந்தவையா என்று தெரியாது. வெப்பநிலை ஒவ்வொரு 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் இந்த மின்னோட்டம் இரு மடங்காகிறது.

இங்கேதான் பாலக்காடும் இடுக்கியும் வேறுபடுகின்றன. மூணாறில் குளிர்கால இரவொன்றில் வெப்பநிலை 4 டிகிரி இருக்கிறது என்றும், பாலக்காட்டில் கோடை இரவொன்றில் 28 டிகிரி இருக்கிறது என்றும் கொள்வோம். 24 டிகிரி வேறுபாடு. அதே கேமராவின் இருள் மின்னோட்டம் பாலக்காட்டில் 8 முதல் 16 மடங்கு அதிகமாக இருக்கும். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த உலோகப் பெட்டிக்குள் கேமரா இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மூன்றாவது, நிலைத்த அமைப்பு இரைச்சல். கோடிக்கணக்கான பிக்சல்களில் எந்த இரண்டும் முற்றிலும் ஒரே மாதிரி அமைவதில்லை. சில எப்போதும் சற்று அதிகமாக அளக்கும். சில குறைவாக அளக்கும். சில பிக்சல்கள் இருளிலும் வெண்புள்ளிகளாக எரிந்துகொண்டேயிருக்கும். இது தற்செயலானதன்று, ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் தோன்றுவது என்பதால், ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்துவிடலாம்.

அரை நூற்றாண்டு முயற்சி

இன்றைய கேமராக்கள் இருளில் இவ்வளவு காண்பதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு உள்ளது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் சி.சி.டி. என்னும் மின்னூட்டப் பிணைப்புக் கருவியை உருவாக்கினர். அதற்காக 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

தொடக்க கால உணரிகளில் ஒரு பெரும் தொல்லை இருந்தது. ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் பிக்சலைக் காலி செய்ய வேண்டும். ஆனால் அது ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை. வெப்பத்தின் காரணமாக ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாகவோ குறைவாகவோ மின்னூட்டம் எஞ்சும். அறை வெப்பநிலையில், மிகச் சிறிய மின்தேக்கியிலும்கூட இந்தத் தடுமாற்றம் 13 எலக்ட்ரான்கள் அளவுக்கு இருக்கக்கூடும். 9 எலக்ட்ரான்களை எண்ண வேண்டிய இடத்தில் 13 எலக்ட்ரான் பிழை என்றால் எதைத்தான் எண்ணுவது?

இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு எளிமையானது. மளிகைக் கடையில் எண்ணெய் நிறுக்கும்போது முதலில் வெற்றுப் பாத்திரத்தை நிறுத்து, பிறகு எண்ணெயோடு நிறுத்து, இரண்டையும் கழிப்பார்கள் அல்லவா? அதே முறைதான். பிக்சலைக் காலி செய்தவுடன் ஒருமுறை அளந்து, எலக்ட்ரான்களை மாற்றிய பின் மறுமுறை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சிய மின்னூட்டத்தின் பிழை நீங்கிவிடும். 1970களில் அறிமுகமான இந்த 'இரட்டை அளவீட்டு முறை' இன்றும் ஏறத்தாழ எல்லாத் தரமான உணரிகளிலும் பயன்படுகிறது.

1980இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தில் நொபுகாசு தெரனிஷி உருவாக்கிய ஒளி டையோடு அமைப்பு, சிலிக்கானின் மேற்பரப்புக் குறைகளிலிருந்து எழும் இருள் மின்னோட்டத்தைப் பெருமளவு தடுத்தது. 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் தலைமையிலான குழு, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு பெருக்கியை வைக்கும் சீமாஸ் உணரியை மேம்படுத்தியது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இந்த உணரியே இன்று கைபேசிகளிலும் கண்காணிப்புக் கேமராக்களிலும் உள்ளது. பாயிலுடன் பணியாற்றிய ஸ்மித், மைக்கேல் டாம்சட், தெரனிஷி, ஃபோசம் ஆகிய நால்வருக்கும் 2017ஆம் ஆண்டின் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு வழங்கப்பட்டது.

அதன்பின் வந்த மற்றொரு முன்னேற்றம், உணரியைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவது. பழைய அமைப்பில் ஒளி, கம்பிச் சுற்றுகளின் இடுக்குகள் வழியே நுழைந்து சிலிக்கானை அடைய வேண்டியிருந்தது. பின்புறத்திலிருந்து ஒளியைப் பெறும் புதிய அமைப்பில் அந்தத் தடை இல்லை. அதே இருளில் அதிக ஃபோட்டான்கள் பிடிபடுகின்றன. சிறந்த நவீன உணரிகளில் வாசிப்பு இரைச்சல் 1 அல்லது 2 எலக்ட்ரான்கள் அளவுக்குக் குறைந்துவிட்டது.

சராசரி எடுத்தால் தெளிவு. ஆனால் ரயில் காத்திருக்காது

இரைச்சலைக் குறைக்க எளிய வழி, ஒரே காட்சியைப் பலமுறை படமெடுத்துச் சராசரி காண்பது. தற்செயலான பிழைகள் ஒருமுறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் இருப்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். 4 படங்களின் சராசரியில் இரைச்சல் பாதியாகும். 16 படங்களின் சராசரியில் நான்கில் ஒரு பங்காகும். கைபேசியின் 'இரவுப் பயன்முறை' செய்வது இதைத்தான். படமெடுக்கும்போது சில நொடிகள் அசையாமல் பிடிக்குமாறு கைபேசி கேட்பது இதனாலேயே.

ஆனால் யானையைக் கைபேசி போல் அசையாமல் நிற்கச் சொல்ல முடியாது. நடக்கும் யானையின் படங்களைச் சராசரி எடுத்தால் அது நிழல் போல் கரைந்துவிடும். அதைவிட முக்கியமானது காலம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். தெளிவான படத்துக்காகக் கேமரா 10 நொடிகள் எடுத்துக்கொண்டால், அதற்குள் ரயில் 170 மீட்டர் நெருங்கிவிட்டிருக்கும். முழு வேகத்தில் வரும் ரயில் உடனே நின்றுவிடாது என்பதால், இழக்கும் ஒவ்வொரு நொடியும் கணக்கில் வரும்.

நேரத்துக்குப் பதிலாக இடத்தைப் பங்கிடுவது மற்றொரு வழி. அருகருகே உள்ள 4 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணினால், ஒளித்துகள் இரைச்சலின் விகிதம் பாதியாகும். படத்தின் நுணுக்கம் குறையும். ஆனால் யானை இருக்கிறதா இல்லையா என்பதை அறிய நுணுக்கம் தேவையில்லை. புலியின் வரிகளைப் படிக்க நினைப்பவருக்கு இதே முறை உதவாது. எந்தப் பணிக்கு எந்த முறை என்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

பொய்யான எச்சரிக்கையின் கணக்கு

இரைச்சலால் விளையும் கேடு படம் அழகாக இல்லாமல் போவது மட்டுமன்று. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவுபடுத்தும். ஒரு கேமராவில் 640 பெருக்கல் 480, அதாவது சுமார் 3 இலட்சத்து 7 ஆயிரம் பிக்சல்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு பிக்சலின் அளவு, இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல் 3 மடங்கைத் தாண்டினால் 'ஏதோ இருக்கிறது' என்று முடிவு செய்யுமாறு கணினிக்குக் கட்டளையிடுவோம்.

இரைச்சல் மட்டுமே இருந்தாலும், ஒரு பிக்சல் அந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 1,000க்கு ஒன்றைவிடச் சற்று அதிகம். ஆகவே யானையே இல்லாத ஒவ்வொரு படத்திலும் சுமார் 400 பிக்சல்கள் பொய் சொல்லும். எல்லையை 5 மடங்காக உயர்த்தினாலும், நொடிக்கு 25 படங்கள் எடுக்கும் கேமராவில் நொடிக்கு ஏறத்தாழ 2 பொய் எச்சரிக்கைகள் வரும். ஓர் இரவு முழுவதும் கணக்கிட்டால் அவை பல்லாயிரம். எல்லையை இன்னும் உயர்த்தினால் பொய்கள் குறையும்; ஆனால் தொலைவில் மங்கலாகத் தெரியும் உண்மையான யானையும் தவறிப்போகும்.

இதனால்தான் கணினி ஒற்றைப் பிக்சலை நம்புவதில்லை. அருகருகே உள்ள பல பிக்சல்கள் ஒன்றாக உயர்ந்துள்ளனவா, அந்தக் கூட்டம் அடுத்தடுத்த படங்களிலும் நீடிக்கிறதா, அது நகரும் விதமும் வடிவமும் யானைக்குரியனவா என்று பார்க்கிறது. தற்செயல் இரைச்சல் ஒரே இடத்தில் கூட்டமாகத் தொடர்ந்து நிற்பதில்லை, யானை நிற்கும். செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் மென்பொருள் இங்கே ஆற்றும் பணி, பல்லாயிரம் படங்களில் யானை எப்படித் தெரியும் என்று கற்றுக்கொண்டு, அந்த அறிவால் உண்மையையும் பொய்யையும் பிரிப்பதே.

இதில் மனிதர் சார்ந்த ஒரு கோணமும் உண்டு. இரவுக்கு நூறு முறை பொய்யாக ஒலிக்கும் மணியை நூற்றோராவது முறை யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் ரயிலின் வேகத்தைக் குறைத்தால் அந்தத் தடத்தின் கால அட்டவணையே குலைந்துவிடும். எச்சரிக்கை அமைப்பின் மீதான நம்பிக்கை, உணரியின் இரைச்சல் அளவோடு நேரடியாகப் பிணைந்துள்ளது.

வெப்பக் கேமராவுக்கு இருள் தடையில்லையா?

வெப்பக் கேமராக்கள் வேறு வழியில் செயல்படுகின்றன. யானை உள்ளிட்ட வெதுவெதுப்பான பொருள்கள் அனைத்தும் அகச்சிவப்புக் கதிர்களைத் தாமாகவே வெளியிடுகின்றன. இவற்றின் அலைநீளம் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல் 10 மடங்குக்கும் அதிகம். நிலவோ விளக்கோ தேவையில்லை.

கண்காணிப்புக்குப் பயன்படும் பெரும்பாலான வெப்பக் கேமராக்களில், கதிர் பட்டுச் சூடாகும்போது மின்தடை மாறும் நுண்ணிய தகடுகளே பிக்சல்கள். நல்ல கருவிகள் 0.05 டிகிரி வேறுபாட்டைக்கூட உணரும். ஆனால் இந்தத் தகடுகளின் அளவீடு கேமராவின் சொந்த வெப்பநிலையைப் பொறுத்து மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கும். அதைச் சரிசெய்ய, கேமரா அவ்வப்போது தன் முன் ஒரு சிறு மூடியை இறக்கி, சீரான வெப்பமுள்ள அந்த மூடியைப் பார்த்துத் தன் பிக்சல்களைச் சமன் செய்துகொள்கிறது. 'டக்' என்ற மெல்லிய ஓசையுடன் படம் ஒரு கணம் உறைந்து நிற்பது இதனால்தான்.

வெப்பக் கேமராவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. யானைக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வேறுபாடு இருந்தால்தான் அது யானையைக் காணும். பாலக்காட்டுக் கோடைப் பகலில் பாறைகளும் தண்டவாளச் சரளைக் கற்களும் யானையின் தோலுக்கு நிகரான வெப்பத்தை அடைகின்றன. மாலை மங்கிய பிறகும் பாறைகள் சூட்டை விடுவதில்லை. அந்த வேளையில் வேறுபாடு சுருங்கி, இரைச்சலோடு கலந்துவிடும். மதுக்கரைக் கோபுரங்களில் இருவகைக் கேமராக்களும் இணைந்திருப்பதன் பயன் இங்கே விளங்கும். ஒன்று தடுமாறும் வேளையில் மற்றொன்று கைகொடுக்கும்.

இடுக்கியின் மலைகளில் சவால் வேறு. மூணாறு, சின்னக்கானல் பகுதிகளில் இறங்கும் அடர்ந்த மூடுபனி, காணும் ஒளியையும் வெப்பக் கதிர்களையும் மட்டுப்படுத்துகிறது. உணரிக்கு வந்து சேராத ஒளியை எந்த இரைச்சல் நீக்க மென்பொருளாலும் மீட்க முடியாது. கதிர் உணரிகள் எங்கே உதவும், ரோந்துப் பணியாளரின் கண்ணும் காதும் எங்கே தேவை என்பதைப் பனிதான் தீர்மானிக்கிறது.

இவ்வட்டார மக்களுக்கு இது ஏட்டுக் கல்வி அன்று. சின்னக்கானலில் பல ஆண்டுகள் அச்சத்தை ஏற்படுத்திய 'அரிக்கொம்பன்' யானை 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அது எல்லை தாண்டித் தேனி மாவட்டத்தின் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதனை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு சென்றது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. அது எங்கே இருக்கிறது என்பதை இரவில் அறிவதே இரு மாநிலத்தவருக்கும் பொதுவான தேவை.

புலியின் வரிகளும் அகச்சிவப்பு விளக்கும்

பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம், இடுக்கி மாவட்டத்தின் பெரியாறு ஆகிய இரண்டும் புலிகள் காப்பகங்கள். புலிகளைக் கணக்கெடுக்கத் தானியங்கிக் கேமராக்கள் மரங்களில் கட்டப்படுகின்றன. விலங்கின் உடல் வெப்பத்தை உணர்ந்தவுடன் அவை படமெடுக்கும். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டு, சுமார் 3.48 கோடி படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் புலிகளின் படங்கள் 76,651 மட்டுமே. அதாவது ஏறத்தாழ 450 படங்களுக்கு ஒன்று. இக்கணக்கெடுப்பு கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது.

மனிதர்க்குக் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரிகள் தனித்தன்மை வாய்ந்தவை. மென்பொருள் அவற்றை ஒப்பிட்டே புலிகளைத் தனித்தனியாக அடையாளம் காண்கிறது. இரவில் கேமரா தன் சொந்த அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்தும்போது ஒரு இக்கட்டு எழுகிறது. 850 நானோமீட்டர் அலைநீள விளக்குக்குச் சிலிக்கான் நன்கு பதிலளிக்கும்; ஆனால் விளக்கு மங்கலான சிவப்பாகத் தெரியும் என்பதால் விலங்குகளும் வேட்டைக்காரர்களும் கேமராவைக் கண்டுகொள்ளலாம். 940 நானோமீட்டர் விளக்கு தெரியாது. ஆனால் அந்த அலைநீளத்தில் சிலிக்கானின் உணர்திறன் குறைவு. ஒளி குறைந்தால் இரைச்சல் கூடும், வரிகள் மங்கும்.

மங்கிய படத்தை மென்பொருள் கொண்டு மெருகேற்றலாமே என்று தோன்றலாம். இங்கே எச்சரிக்கை தேவை. இரைச்சலை நீக்கும் சில நவீன மென்பொருள்கள், தாம் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டு 'இப்படித்தான் இருக்கும்' என்று இல்லாத நுணுக்கங்களை வரைந்துவிடும். பார்ப்பதற்குப் படம் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த வரி புலியினுடையதா, மென்பொருளினுடையதா என்பது தெரியாது. கணக்கெடுப்பிலும் வழக்கு விசாரணையிலும் அசல் படத்தைப் பாதுகாத்து வைப்பது இன்றியமையாததாவது இதனால்தான்.

தரையில் புதைந்த ஒளிக் கண்

யானைகளைக் கண்டறிய ரயில்வே மேற்கொண்டுள்ள மற்றொரு முறையும் ஒளியையே நம்பியுள்ளது. தண்டவாளத்தை ஒட்டிப் புதைக்கப்பட்ட கண்ணாடி இழை வழியே லேசர் துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. அந்த ஒளியில் மிகச் சிறிய பகுதி வழிநெடுகிலும் சிதறித் திரும்பி வருகிறது. யானையின் காலடி அதிர்வு இழையைச் சற்றே அசைத்தால், திரும்பி வரும் ஒளியில் மாற்றம் தெரியும். வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் முதலில் நடைமுறைக்கு வந்த இம்முறை, பிற யானை வழித்தடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டு வருகிறது.

இதற்குப் பனியும் இருளும் பொருட்டல்ல. ஆனால் திரும்பி வரும் ஒளி மிகக் குறைவு என்பதால் இங்கும் உணரியின் இரைச்சலே எல்லை வகுக்கிறது. அத்துடன் மழை, வாகனங்கள், ரயில்கள் ஆகியவற்றின் அதிர்வுகளிலிருந்து யானையின் நடையைப் பிரித்தெடுக்கவும் வேண்டும்.

உங்கள் வீட்டுக் கேமராவுக்கு

வன எல்லைக் கிராமங்களில் பலரும் வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கின்றனர். மேற்கண்ட விதிகள் அவற்றுக்கும் பொருந்தும்.

கேமராவை நேரடி வெயில் படாத இடத்தில், கூரை நிழலில் பொருத்தினால் இருள் மின்னோட்டம் குறையும். லென்ஸில் படியும் தூசியும் சிலந்தி வலையும் அகச்சிவப்பு விளக்கின் ஒளியைத் திருப்பியடித்துப் படத்தை வெளுக்கச் செய்யும். அடிக்கடி துடைக்க வேண்டும். தனியாக ஒரு அகச்சிவப்பு விளக்கை, கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால், பூச்சிகள் லென்ஸின் முன் மின்னும் தொல்லை குறைந்து, தொலைவில் உள்ள உருவமும் தெளிவாகும்.

அமைப்புகளில் 'இரைச்சல் குறைப்பு' என்ற தெரிவை உச்ச அளவுக்கு உயர்த்த வேண்டாம். அசையாத சுவர் அழகாகத் தெரியும். ஆனால் நடந்து வரும் விலங்கு புகைபோல் இழுபடும். நடுத்தர அளவே நல்லது. இரவில் பதிவுகளின் கொள்ளளவு திடீரெனப் பெருகினால், அதற்கும் இரைச்சலே காரணமாக இருக்கலாம். தற்செயலான புள்ளிகளை மென்பொருளால் சுருக்க முடியாது என்பதால், சேமிப்பகம் விரைவில் நிரம்பிவிடும்.

வானியலாளர்கள் தம் உணரிகளைத் திரவ நைட்ரஜன் கொண்டு பூஜ்ஜியத்துக்கும் கீழே 100 டிகிரி அளவுக்குக் குளிரூட்டி, ஒரே விண்மீனை மணிக்கணக்கில் நோக்குகின்றனர். விண்மீன் ஓடிவிடாது, அவர்களுக்கு நேரம் இருக்கிறது. வாளையாற்றுத் தண்டவாளத்தின் அருகே நிற்கும் கேமராவுக்கு அந்த வசதியோ, அந்த நேரமோ இல்லை. சில நொடிகளில், சில ஃபோட்டான்களைக் கொண்டு அது முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு ஒரு யானைக் கூட்டத்தின் உயிரையும், ரயிலில் உறங்கிச் செல்லும் பயணிகளின் பாதுகாப்பையும் சார்ந்தது.